பழைய வானிலை நிரலை வேகமாக்க எந்த வழி?

வானிலைக் கணிப்பு மாதிரிகள் பெரும்பாலும் போர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டவை. லட்சக்கணக்கான வரிகள், பல தலைமுறை ஆய்வாளர்களின் கைவேலை. இதில் புதுத் தேவை வந்தால் இப்படித்தான் வரும்: கணக்குக்காக நிலப்பரப்பைப் பிரிக்கும் 2 கி.மீ. கட்டம் 1 கி.மீ. ஆக வேண்டும், கணிப்பு வழக்கமான நேரத்துக்கே வர வேண்டும், மின்செலவு ஏறக்கூடாது. கட்டத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் 4 மடங்கு. ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலப்படியையும் பாதியாக்கியாக வேண்டும் என்பதால் வேலை 8 மடங்கு. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் அமைப்புகளைத் திருகி இதைச் சமாளிக்க முடியாது.

முதல் வழி, எண்களின் துல்லியத்தைக் குறைப்பது. 64 பிட் எண்களுக்கு (இரட்டைத் துல்லியம்) பதில் 32 பிட் (ஒற்றைத் துல்லியம்). கேட்டவுடன் பலரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த நிரல்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்குப் போடுவதில் அல்ல, நினைவகத்திலிருந்து எண்களை இழுத்து வருவதில்தான். எண் பாதியானால் இழுவையும் பாதி. நடுத்தர அளவு முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் 2021 மே மாதம் தன் அன்றாடக் கணிப்பையே ஒற்றைத் துல்லியத்துக்கு மாற்றியது. மிச்சமான நேரத்தைக் கொண்டு குழுமக் கணிப்பின் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டுவது) செங்குத்து அடுக்குகளை 91இலிருந்து 137 ஆக உயர்த்தியது.

சிக்கல் எங்கே வரும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். காற்றழுத்தம் 101325 பாஸ்கல் என்று வையுங்கள். அந்த அளவில் 32 பிட் எண்ணின் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு நடுவே இடைவெளி சுமார் 0.0078. ஒவ்வொரு காலப்படியிலும் 0.003 பாஸ்கல் கூட்டினால் எண் அசையவே அசையாது. ஆயிரம் படி போனபின் 3 பாஸ்கல் காணாமல் போயிருக்கும். நிரல் முறியாது, எச்சரிக்கையும் வராது. ஆகவே இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் கூட்டல்களை மட்டும் இரட்டைத் துல்லியத்தில் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் முழு அழுத்தத்துக்குப் பதில் ஓர் அடிப்படை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் சேமிக்கலாம். சரிபார்ப்பதும் தலைவலிதான். பழைய விடையோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகாது. வேறுபாடு குழுமக் கணிப்பின் இயல்பான சிதறலுக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்க்க முடியும்.

இரண்டாவது வழி, ஓப்பன்ஏசிசி. இருக்கிற போர்ட்ரான் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) மேலே, ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஒரு கட்டளை வரியைச் சேர்த்தால் அந்த லூப் ஜிபியுவுக்கு (ஏராளமான கணக்குகளை ஒரே வேளையில் போடும் வரைகலைச் செயலி) போகும். புரியாத கம்பைலருக்கு அது வெறும் குறிப்புரை. பழைய கணினியிலும் நிரல் ஓடும். ஆய்வாளருக்குத் தன் நிரல் இன்னும் அடையாளம் தெரிகிறது, இதுதான் இதன் பெரிய பலம். ஆனால் லூப்பின் அமைப்பு வழக்கமான செயலியான சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் ஒன்றாக இருக்காது. ஐகான் என்ற வானிலை மாதிரியில் என்ப்ரோமா என்று ஓர் அளவு உண்டு, ஒரே தடவையில் எத்தனை கட்டங்களை எடுப்பது என்பதற்கு. சிபியுவுக்கு அது சிறியதாக இருந்தால்தான் கேஷில் (செயலியின் சிறிய விரைவு நினைவகம்) அடங்கும். ஜிபியுவுக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும், இல்லையென்றால் அதன் கணக்கிடும் கோர்கள் பல சும்மா கிடக்கும். இடையில் ஒவ்வொரு படியிலும் பெரிய அரேக்களை (எண் வரிசைகள்) சிபியுவுக்குத் திருப்பி அனுப்பினால் ஈட்டிய வேகத்தில் பெரும்பகுதி அந்தப் போக்குவரத்திலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, துறைக்கென்றே ஒரு சிறுமொழி (அந்தத் துறைக் கணக்குகளை மட்டும் எழுதும் குட்டி நிரல்மொழி) அமைத்து மையக் கணக்கைத் திரும்ப எழுதுவது. சுவிட்சர்லாந்து வானிலைத் துறை தன் காஸ்மோ என்ற வானிலை மாதிரிக்கு இதைத்தான் செய்தது. காற்றோட்டத்தைக் கணக்கிடும் இயக்கவியல் பகுதி சி++இல் ஸ்டெல்லா என்ற சிறுமொழியில் புதிதாக எழுதப்பட்டது; மேகம், மழை போன்றவற்றுக்கான இயற்பியல் பகுதிகளுக்கு ஓப்பன்ஏசிசி. 2016இல் 1.1 கி.மீ. கணிப்பு ஜிபியுக்களில் அன்றாடப் பணிக்கு வந்தது. பொறியியலாக அருமையான சாதனை. ஆனால் பராமரிக்க சி++ டெம்ப்ளேட் என்ற சிக்கலான உத்தியில் வல்லுநர்கள் வேண்டும், மேகத்தையும் மழையையும் படித்தவர்களுக்கு அந்தக் கம்பைலர் பிழைச் செய்திகளைப் பார்த்தாலே தலை சுற்றும். 2024இல் அதே துறை காஸ்மோவை விட்டு ஐகானுக்கு மாறியது, அதுவும் ஓப்பன்ஏசிசி வழியில். மெனக்கெட்டு எழுதிய அந்த இயக்கவியல் மையம் மாதிரியோடு சேர்ந்தே ஓய்வு பெற்றது. இப்போது ஐகானுக்குப் பைத்தான் அடிப்படையில் ஒரு சிறுமொழி முயற்சி நடக்கிறது. ஆய்வாளரே படிக்கக்கூடிய வடிவம் என்பதால் இதன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

பழைய தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரிகளை நான்காவது வழியாகச் சிலர் சொல்வார்கள். வேகம் அபாரம்தான், ஆனால் அது பழைய நிரலைத் தகவமைப்பது அல்ல, இன்னொன்றை வைத்துக்கொள்வது. 1 கி.மீ. கணிப்பு வேண்டுமென்றால் அதைப் பயிற்றுவிக்க 1 கி.மீ. தரவு முதலில் வேண்டும். அதைத் தரப்போவதும் பெரும்பாலும் அதே பழைய நிரல்தான்.

நாலைந்து பேர் கொண்ட குழு என்றால் நான் சொல்வது: நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஒற்றைத் துல்லியத்தில் கை வையுங்கள். அது போதாதபோது ஓப்பன்ஏசிசி. சிறுமொழி பக்கம் போவதென்றால், பத்து ஆண்டுக்கு இரண்டு நிரலாளர்களுக்குச் சம்பளம் தரும் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.