சுங்கானுக்கு ஃபில்டர் தேவையா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சுங்கான் (புகையிலை பைப்) புகைக்கத் தொடங்குகிறவர், அதன் தண்டுக்குள் ஃபில்டர் போடலாமா வேண்டாமா என்று கேட்கும்போது பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது வேறொரு கேள்வி: போட்டால் உடம்புக்குக் கெடுதல் குறையுமா? அதை முதலில் தீர்த்துவிடுவோம். குறையும் என்று நம்பி யாரும் ஃபில்டர் வாங்க வேண்டாம். கரி ஃபில்டர் சில ஆவிப்பொருட்களையும், தாரிலும் நிகோடினிலும் ஒரு பகுதியையும் பிடித்து வைக்கும். கார்பன் மோனாக்சைடு அதைத் தாண்டிப் போய்விடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்தினாலும் உதடு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும் என்பதால் பழக்கத்துக்கு அடிமையாவதும் நடக்கும். கெடுதலே வேண்டாம் என்றால் தொடங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. தொடங்குவது என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவருக்கு மட்டும் இனி வரும் பேச்சு.

அப்படியானால் ஃபில்டரின் உண்மையான வேலை என்ன? ஈரத்தை உறிஞ்சுவது. புகையிலை கையில் கிடைக்கும்போதே ஈரமாக இருக்கிறது. எரியும்போதும் நீராவி உண்டாகிறது. அந்தச் சூடான ஆவி, புகையிலை எரியும் கிண்ணத்திலிருந்து வாய்க்குப் போகும் தண்டுக்குள் வந்ததும் குளிர்ந்து நீராகிறது. வாயிலிருந்து இறங்கும் எச்சிலும் அதோடு சேர்ந்தால் பாதிக் கிண்ணம் தாண்டுவதற்குள் களகளவென்று சத்தம் கேட்கும். கசப்பான பழுப்பு நீர் ஒரு சொட்டு நாக்கில் விழும். ஒரே நாளில் சுங்கானை வெறுக்க வைக்க அந்த ஒரு சொட்டு போதும். ஃபில்டர் தடுப்பது அதைத்தான்.

கடையில் கிடைப்பவற்றுள் பெரியது 9 மி.மீ. கரி ஃபில்டர். ஜெர்மனியில் இதுதான் வழக்கமான அளவு. நியூரம்பர்க்கின் ஃபௌஎன் நிறுவனம் 1934இல் கொண்டுவந்த 'டாக்டர் பெர்ல்' ஃபில்டர் இவ்வகையில் பெயர் பெற்றது. ஒரு சிறு குழலுக்குள் செயலூட்டப்பட்ட கரித்துகள் நிரம்பியிருக்கும். பல தயாரிப்புகளில் ஒரு முனையில் பீங்கான் மூடியும் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடியும் இருக்கும். பீங்கான் முனை கிண்ணத்தின் பக்கம், அதாவது சூடு வரும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் செருகுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஈரத்தைப் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. அகலமாக இருப்பதால் காற்றோட்டமும் தாராளம். ஆனால் சுவையில் கை வைத்துவிடும். வர்ஜீனியா வகை இலையின் மெல்லிய இனிப்பும் லட்டாக்கியா என்ற புகையூட்டிய இலையின் புகைமணமும் கரியைக் கடந்து வரும்போது மழுங்கிப்போகின்றன. வாசனைச் சாறு ஊற்றிய புகையிலையில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. அவ்வகைப் புகையிலையின் மணம் அருகில் இருப்பவருக்குத்தான் அதிகம் போகிறது. புகைப்பவருக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு ஈரம்.

6 மி.மீ. காகித ஃபில்டர் மலிவானது. மக்காச்சோளக் கட்டையில் செய்த சுங்கான்கள் பலவற்றில் இதைச் செருகித்தான் விற்கிறார்கள். எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு இல்லை. நனைந்ததும் உப்பி வழியை அடைத்துக்கொள்கிறது. வழி அடைபட்டால் புதியவர் இன்னும் பலமாக இழுப்பார். பலமாக இழுத்தால் நெருப்பு ஓங்கும், புகை சூடேறும், ஈரம் கூடும். ஈரத்துக்காகப் போட்ட பொருளே ஈரத்தைப் பெருக்குகிறது! இதில் ஒரு நன்மை உண்டென்றால், உருவி எறிந்துவிட்டுப் புகைத்தாலும் அந்தச் சுங்கான் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மரத்தாலான ஃபில்டர்கள். இத்தாலியின் சாவினெல்லி முக்கோண வடிவில் பால்சா என்ற இலேசான மரத்துண்டு தருகிறது. புகை அதனுள் புகாமல் அதன் பக்கங்களை உரசியபடி போகிறது. கனடாவின் பிரிகம் மேப்பிள் மரக் குழலைப் பயன்படுத்துகிறது. ஈரத்தை உறிஞ்சும் அளவில் இவை கரிக்குச் சற்றுப் பின்தான். சுவையை விட்டுவைப்பதில் வெகுவாக முன்னே. ஃபில்டர் போட்டே தீருவேன் என்பவருக்கு நான் பால்சாவைத்தான் சொல்வேன்.

இனி ஃபில்டர் இல்லாத சுங்கான். இதில் தப்பு செய்தால் உடனே தெரியும். வேகமாக இழுத்தால் கிண்ணம் கையைச் சுடும். ஈரப் புகையிலையை அப்படியே அடைத்தால் தண்டு களகளக்கும். இறுக்கி அடைத்தால் இழுக்கவே வராது. களகளப்பு தொடங்கியதும் பஞ்சு சுற்றிய துடைப்புக் கம்பி ஒன்றை வாய்முனை வழியாகக் கிண்ணத்தடிவரை நுழைத்து எடுத்தால் நீர் அதில் ஏறிவிடும். புகைப்பதை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு நிமிட வேலைதான். நேர்த் துளையுள்ள சுங்கானில் இது சுலபம். மிக வளைந்ததில் கம்பி சில நேரம் மடங்கி நிற்கும். அயர்லாந்தின் பீட்டர்சன் நிறுவனம் வேறு வழி பிடித்தது. அதன் 'சிஸ்டம்' சுங்கானில் தண்டுக்கடியில் நீர் தேங்க ஒரு குழி உண்டு. புகை மேலே போகும், நீர் கீழே நிற்கும். ஃபில்டருக்குச் செலவில்லை, சுவையும் குறைவதில்லை. புகைத்து முடித்ததும் குழியைத் துடைக்க மறக்கக் கூடாது, அவ்வளவே.

நாக்கு எரிச்சலுக்கு வருவோம்; புதியவர்களில் பலரை ஃபில்டர் பக்கம் தள்ளுவது இதுதான். எரிச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீராவிச் சூட்டால் வருவது. இதற்கு ஃபில்டர் ஓரளவு கைகொடுக்கும். மற்றது புகையின் காரத்தன்மையும் இலையின் தன்மையும் நாக்கை உறுத்துவதால் வருவது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் புகையிலை இன்னொருவர் நாக்கைப் பொசுக்கும். அங்கே புகையிலையை மாற்றிப் பார்ப்பதே மருந்து. முதல் வகையிலும்கூட ஃபில்டருக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன: புகையிலையை ஒரு காகிதத்தில் பரப்பி, கிள்ளினால் ஒட்டாமல் உதிரும்வரை காயவிடுவது; அடியில் தளர்வாகவும் மேலே சற்று அழுத்தமாகவும் நிரப்புவது; நெருப்பு அணைந்துவிடுமோ என்ற நிலையிலேயே வைத்து மெல்ல இழுப்பது. அணைந்தால் மறுபடி பற்றவைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஃபில்டரோடு பழகியவர் இவற்றைக் கற்கத் தாமதமாகும். அவசரத்தின் விளைவை ஃபில்டர் அவர் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டே இருக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 9 மி.மீ. ஃபில்டருக்காகத் துளைத்த சுங்கானை ஃபில்டர் இல்லாமல் வெறுமனே புகைத்தால், அந்த அகன்ற அறைக்குள் புகை விரிந்து குளிர்ந்து நீராகித் தேங்கும். ஃபில்டர் இல்லாத சுங்கானைவிட மோசமாகக் களகளக்கும். அந்த இடத்தை நிரப்ப அடாப்டர் என்ற சிறு குழல் கிடைக்கிறது. சில நிறுவனங்கள் சுங்கானோடு சேர்த்தே தருகின்றன. அடாப்டரோடு வரும் 9 மி.மீ. சுங்கான் வாங்கியவருக்கு இரு வழியும் திறந்திருக்கும். ஃபில்டருக்கு இடமே இல்லாத குறுகிய துளைச் சுங்கானில் பிற்பாடு மனம் மாறினாலும் ஃபில்டர் நுழையாது.

என் தேர்வு இது: முதல் சில வாரங்கள் ஃபில்டர் இல்லாமல், நன்கு காய்ந்த, சாறு குறைவான புகையிலையோடு. வாசனைப் புகையிலைதான் பிடிக்கிறது என்றாலோ, எவ்வளவு மெல்ல இழுத்தும் ஈரம் தொல்லை தருகிறது என்றாலோ, பால்சா அல்லது கரி ஃபில்டருக்கு மாறலாம். நிதானமாக இழுப்பவருக்கும் வாசனைப் புகையிலை ஈரத்தைக் கொட்டத்தான் செய்யும். அங்கே ஃபில்டரை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாறுகிறவர் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரி ஃபில்டர் ஒரு கிண்ணத்துக்கு ஒன்று. ஒரே ஃபில்டரை இரண்டு கிண்ணத்துக்குப் பயன்படுத்துபவர்களும் உண்டு, ஆனால் இரண்டாவதில் பழைய கசப்பு தலைகாட்டும். பயன்படுத்தியதைத் தண்டுக்குள்ளேயே விட்டுவைத்தால் ஈரம் உள்ளேயே ஊறி நாற்றம் பிடிக்கும். அதற்காகப் புகைத்து முடித்த கையோடு தண்டைக் கழற்றிவிடக் கூடாது: மரம் சூட்டில் விரிந்திருக்கும்போது கழற்றினால் இணைப்பு தளர்ந்துபோகலாம், கிண்ணத்தின் கழுத்தில் விரிசலும் விழலாம். கிண்ணம் முழுக்க ஆறிய பிறகு, மெல்லத் திருகி எடுத்து, ஃபில்டரை எறிந்துவிட்டு, உள்ளே ஒரு துடைப்புக் கம்பியை விட்டு எடுத்து வைக்கவும்.