நாற்பது நொடி சிக்னல் போனால் என்ன ஆகும்? பாக்கெட்பேஸ், சூபாபேஸ், சாக்கெட்.ஐஓ ஒப்பீடு

பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கமிஷன் கடை ஏல விலையை உடனுக்குடன் காட்டும் வலைச்செயலி வேண்டும் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக் கணினியில் சின்ன வெங்காயத்தின் விலையை மாற்றினால், புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போகும் கேரள வியாபாரியின் ஃபோனில் அது மாற வேண்டும். சிக்னல் இருந்தால் எந்தக் கருவியும் இதைச் செய்துவிடும். மலை வளைவில் நாற்பது நொடி சிக்னல் போய்த் திரும்பி வரும்போது, திரையில் நிற்பது பழைய விலையா புதிய விலையா என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. பழைய விலை, பழையது என்ற அடையாளமே இல்லாமல் நின்றால் அதை நம்பிப் பணம் பேசிவிடுவார்கள். அதனால் வசதிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒன்றை வைத்தே பாக்கெட்பேஸ், சூபாபேஸ், சாக்கெட்.ஐஓ மூன்றையும் பார்க்கலாம். மூன்றுமே திறமூலம்.

முதலில் பாக்கெட்பேஸ். செயலியின் சர்வர் பக்க வேலையை, அதாவது பின்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கருவி. கோ எனும் நிரல் மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு. உள்ளேயே எஸ்கியூலைட் தரவுத்தளம், பயனர் கணக்கு, நிர்வாகத் திரை எல்லாம் இருக்கின்றன. இறக்கி 'சர்வ்' கட்டளை கொடுத்தால் 8090 போர்ட்டில் ஓடும். நேரடிச் செய்திகளுக்கு இருவழி வெப்சாக்கெட்டுக்குப் பதிலாக, சர்வரிலிருந்து ஃபோனுக்கு மட்டும் போகும் எஸ்எஸ்இ எனும் ஒருவழிப் பாதையைப் பயன்படுத்துகிறது. விலைப்பலகைக்கு அது போதும். விலை எழுதுவது சாதாரணக் கோரிக்கையாகப் போய்விடும்.

இதில் புதியவர்கள் மாட்டுகிற இடம் அனுமதி விதி. அட்டவணை முழுவதற்கும் சந்தா போட்டால், அதாவது மாறும்போதெல்லாம் சொல் என்று கேட்டுவைத்தால், 'லிஸ்ட்' விதியும், ஒரே பதிவுக்குப் போட்டால் 'வியூ' விதியும் பார்க்கப்படும். விதி பூட்டியிருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, விலையும் வராது. பாதிப் பேர் இணைய இணைப்பைச் சந்தேகப்பட்டு ஒரு நாளை வீணாக்குவது இங்கேதான். அடுத்தது டேப் எண்ணிக்கை. எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு பிரவுசர் ஆறு இணைப்புகளுக்கு மேல் திறக்காது. கடைக் கணினியில் ஆறு டேப் திறந்திருந்தால் ஏழாவது சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். எச்டிடிபி 2-ஐ இயக்கினால் தீர்ந்தது. பாக்கெட்பேஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் எனும் இடைநிலை சர்வரை வைத்தால் அதன் வாசிப்புக் காத்திருப்பு நேரத்தை 360 நொடியாக்குங்கள். இயல்பான 60 நொடியில் விட்டால், விலை மாறாத நேரத்தில் இணைப்பு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து அறுந்து ஒட்டும்.

சிக்னல் திரும்பியதும் பாக்கெட்பேஸின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தானே மறுபடி இணையும், சந்தாவையும் புதுப்பிக்கும். ஆனால் இடையில் போன செய்திகளைத் திருப்பித் தராது. மறு இணைப்பு நிகழ்வைக் கவனித்து முழு விலைப்பட்டியலையும் நீங்களே மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று: 1.0 பதிப்பு வரும்வரை பழையதோடு ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. 0.23-இல் நிர்வாகிக் கணக்குகளின் அமைப்பே மாறியது. தரவைப் படியெடுத்து வைக்காமல் புதுப்பிக்காதீர்கள்.

சூபாபேஸும் ஒரு பின்தளம்தான், அடியில் முழு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். நேரடிச் சேவை எலிக்ஸிர் எனும் மொழியில் எழுதப்பட்டது. சொந்த சர்வரில் ஓட்ட டாக்கர் பெட்டிகள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) ஏறக்குறைய ஒரு டஜன் எழும்பும். 4 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்து தொடாதீர்கள். பத்துச் சந்தை, மாதச் சராசரி, வியாபாரிவாரிக் கணக்கு என்று விரியும்போது இந்தப் பாரம் நியாயமாகிவிடும்.

அட்டவணை மாற்றத்தை அப்படியே கேட்கும் வழி எளிது. அட்டவணையை 'சூபாபேஸ் ரியல்டைம்' வெளியீட்டில் சேர்க்க மறந்தால் மட்டும் ஒன்றுமே வராது. ஆனால் யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று சொல்லும் வரிசைப் பாதுகாப்பு விதி இருக்கும்போது ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனியாகச் சோதிக்கப்படும். நூறு வியாபாரி பார்த்தால் ஒரு விலை மாற்றத்துக்கு நூறு சோதனை. காலை ஏல நெரிசலில் தாமதம் இங்கிருந்துதான் கிளம்பும். ஆள் கூடினால், விலை மாறியதும் தானே ஓடும் தரவுத்தள டிரிகரிலிருந்து எல்லோருக்கும் 'பிராட்காஸ்ட்' அனுப்பும் வழிக்கு மாறுங்கள். எந்த வழியிலும் எல்லாச் செய்தியும் போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆக இங்கேயும் பட்டியலை மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

அப்படி எடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் சந்தா, பிறகு பட்டியல். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே மாறிய விலை தொலைந்துபோகும். சரியாகச் செய்தாலும், பட்டியலில் வந்த பழைய விலை சந்தாவில் வந்த புதிய விலையின்மேல் ஏறிவிடலாம். ஒவ்வொரு பதிவின் மாற்ற நேரத்தையும் ஒப்பிட்டு, புதியதை மட்டும் திரையில் ஏற்றுங்கள்.

சாக்கெட்.ஐஓ பின்தளம் அல்ல, செய்தி கடத்தும் நூலகம். தரவுத்தளம், கணக்கு எல்லாம் நீங்கள் நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுத வேண்டும். ஆனால் விட்டுப்போன செய்தியைத் திருப்பித் தர முயலும் வசதி இதில் உண்டு. 4.6 பதிப்பில் வந்த இணைப்பு நிலை மீட்பை இயக்கி, இரண்டு நிமிடம் என்று வைத்தால், அதற்குள் திரும்பும் ஃபோனுக்கு இடைப்பட்ட செய்திகள் கிடைக்கும். சர்வர் நினைவகத்தில் வைத்திருந்தால் சர்வரை மறுபடி தொடங்கும்போது அதுவும் போய்விடும். பல சர்வர் வைத்து, அவற்றுக்கிடையே செய்தி கடத்த வழக்கமான ரெடிஸ் அடாப்டரைப் போட்டால் இந்த வசதி வேலை செய்யாது. ரெடிஸ் ஸ்ட்ரீம்ஸ் போன்ற அடாப்டர் வேண்டும். பல சர்வரில் ஒரே பயனரை ஒரே சர்வருக்கே அனுப்பும் ஏற்பாடு இல்லாவிட்டால் 400 பிழை கொட்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு குணமும் உண்டு. இணைப்பு அறுந்திருக்கும்போது கடைக்காரர் தட்டிய விலைகளை இது சேர்த்து வைத்து, ஒட்டியதும் மொத்தமாக அனுப்பும். 45, 48, 50 என்று மூன்றும் ஒரே நேரத்தில் பாயும். ஏலத்துக்கு இது ஆபத்து. இணைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். அதோடு, இணைப்பு செத்ததை ஃபோன் உணரவே இயல்பு அமைப்பில் 45 நொடி வரை ஆகலாம். 25 நொடிக்கு ஒரு பிங் (இணைப்பு இருக்கிறதா என்ற சோதனைச் செய்தி), 20 நொடி காத்திருப்பு. அதனால் கருவி எதுவானாலும் விலைக்குப் பக்கத்தில் அது பதிவான நேரத்தைக் காட்டியே தீர வேண்டும்.

ஆப்ரைட், பார்ஸ் சர்வர் எனும் வேறு இரண்டு பின்தளங்களும் நல்லவைதான், இந்த வேலைக்குப் புதிதாக ஒன்றும் கூட்டுவதில்லை.

ஒரு சந்தை, ஒரு கடை என்றால் பாக்கெட்பேஸ்தான் என் தேர்வு. சர்வரைக் கடையில் வைக்காதீர்கள், ஆடிக் காற்றில் மின்சாரம் போனால் விலைப்பலகையும் போய்விடும். ஒரு சின்ன வாடகை சர்வர் போதும். கணக்கும் அறிக்கையும் முக்கியமென்றால் சூபாபேஸ். நோடில் ஏற்கெனவே பின்தளம் ஓடி, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் மட்டும் சாக்கெட்.ஐஓ.

முடிவு செய்யுமுன் இரண்டு ஃபோனில் சோதியுங்கள். ஒன்றை ஏரோப்ளேன் மோடில் நாற்பது நொடி வைத்து, அதற்குள் மூன்று விலையை மாற்றுங்கள். இரண்டாவதைத் திரையணைத்துப் பத்து நிமிடம் பையில் போடுங்கள். பின்னணியில் கிடக்கும் டேப்பின் நேரக்கணக்கை பிரவுசர் மெதுவாக்கும், இணைப்பு சத்தமில்லாமல் அறுந்திருக்கும். பிறகு இரண்டும் திறந்திருக்கையில் சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். மூன்று முறையும் பக்கத்தைப் புதுப்பிக்காமலே இரண்டு திரையிலும் கடைசி விலை வந்து நிற்க வேண்டும்.