மேற்குச் சுவரும் பச்சை நிழல்வலையும்: நான்கு கோடைகளின் அனுபவம்

ஆடிக்காற்றில் மூலை கிழிந்த நிழல்வலையை மூன்றாவது முறையாகத் தைத்துக் கட்டி முடித்த அன்று மாலையே நண்பர் அழைத்து, தம் வீட்டுக் கீரைப் பாத்திக்கும் இதே வலையை வாங்கலாமா என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை.

என்னுடையது எல்லாரும் வாங்குகிற, 50 விழுக்காடு வெயிலைத் தடுக்கும் பச்சை வலைதான். திருச்சியில், எங்கள் வீட்டின் மேற்குப் புறத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அமைந்த பாத்திக்கு மேலே நான்கு கோடைகளாக அது நிற்கிறது, இப்போது ஏழடி உயரத்தில். முதல் ஆண்டில் நான்கடி உயரத்திலேயே கட்டியிருந்தேன். வலைக்கும் செடிக்கும் நடுவே சூடான காற்று வெளியேற வழியின்றித் தேங்கியதால், வெயிலில் வாடியதைவிட அதனடியில் கீரை அதிகமாக வாடியது. உயர்த்திக் கட்டிய பிறகே வலையின் பயன் தெரிந்தது. ஈரம் இருந்தும் நண்பகலில் தலை சாய்ந்துவிடுகிற சிறுகீரை நிமிர்ந்து நின்றது. எங்கள் உப்புத்தண்ணீரால் இலையோரம் கருகுவதும் குறைந்தது. சித்திரையில் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர் ஒரு வேளையாயிற்று. நான்கு ஆண்டுகளில் நூல் இற்றுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழிந்ததெல்லாம் கயிறு கோத்த இடங்களில்தான். அங்கே விறைப்பாக இழுத்துக் கட்டியது என் தவறு.

ஆனால் இந்த வலை தடுப்பது மேலிருந்து விழும் வெயிலை மட்டுமே. எங்கள் பாத்தியை வாட்டுவதோ சுவர். காலை முழுவதும் வீட்டின் நிழலில் கிடக்கும் மேற்குப் பாத்திக்கு இளவெயில் என்பதே கிடையாது. நண்பகலுக்குப் பிறகு கடும் வெயில் மட்டும் கிடைக்கிறது. மூன்று மணிக்குமேல் சூரியன் சாய்ந்துவிட, கதிர்கள் வலைக்குக் கீழே புகுந்து இலைகள்மீதும் பின்னாலிருக்கும் சுவர்மீதும் நேராக விழுகின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாலை வரை குடித்த அந்தச் சூட்டை இரவெல்லாம் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் இரவு எட்டு மணிக்குப் பாத்தியருகே நின்றால், சுவரைத் தொடாமலேயே முதுகில் அனல் தெரியும். ஊர் முழுவதும் கொஞ்சம் குளிர்ந்த பிறகும் அந்தச் செடிகளுக்கு இரவு வருவதில்லை. இவ்வாண்டு அதே சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியையும் மாட்டியதால், அதன் காற்று படும் மூன்றடி நீளத்தில் இலைகள் தாள்போல் உலர்ந்தன; அந்தப் பகுதியில்தான் இலைச்சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப் பேனும் முதலில் பற்றியது. அந்த இடத்தை இனி வெறுமையாக விட்டுவிட முடிவு செய்திருக்கிறேன்.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, வலையால் இழக்கிற வெளிச்சம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகிய யாவும் ஒரே பேரினத்தவை. சோளத்தையும் கரும்பையும் போல, வெம்மையும் மிகுந்த ஒளியும் உள்ள இடத்திலேயே நன்றாக உணவு தயாரிக்கிற வகை. அவற்றுக்குக் கிடைக்கும் அரைநாள் வெயிலிலும் பாதியை நான் வலை கட்டித் தடுத்தேன். தண்டு மெலிந்து நெட்டையாக வளர்ந்தது. செந்தண்டுக்கீரையின் சிவப்பு வெளுத்து, சமைத்தால் சாறு நிறம் கொடுக்கவில்லை. சுவரின் சூடும் வலையின் நிழலும் சேர்ந்து, கருகிய ஓரமும் மெலிந்த தண்டுமாக ஒரே செடியில் இரண்டு குறைகளையும் காட்டியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது.

எதிர்பாராத மகிழ்ச்சி தெற்குப் புறத்தில் கிடைத்தது. திருச்சியில் ஏப்ரல் 18ஆம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 25 வரை உச்சிக்கு வடக்கேதான் செல்கிறது. ஆகவே வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி அங்கே வைத்த கொத்தமல்லி மே மாதத்தில் வெயில் பட்டு, இலை பெருகுமுன்னே பூத்துவிட்டது. தெற்குச் சுவரோரத்தில் அதற்கு நேர்மாறு: பத்தடி உயரச் சுவரின் நிழல் ஜூன் மாத நண்பகலில் இரண்டடி சொச்சம் அங்கே விழுகிறது. அந்த இரண்டடியில் வைத்த வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் வலையே இல்லாமல் கோடையைத் தாண்டின. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அதே இடம் நல்ல வெயிலாகி, அரைக்கீரைக்கு ஏற்றதாகிவிடுகிறது. கிழக்குப் புறத்தில் மண் நிரப்பிக் கீரை வளர்த்த நான்கு பைகளிலும் இளவெயில் மட்டும் பட்டு, வலையடியில் வளர்ந்ததைவிடத் தடித்த இலைகள் கிடைத்தன.

மேற்குச் சுவரின் அடியிலேயே, சிமென்ட் வெடிப்பில், விதைக்காமல் முளைத்த பருப்புக்கீரை ஒன்று படர்ந்து கிடக்கிறது. வறண்ட காலத்தில் இலைத்துளைகளைப் பகலில் மூடி வைத்து, இரவில் திறந்து மூச்சு வாங்கும் திறமை அதற்கு உண்டு. வலையும் தண்ணீரும் பார்க்காத அந்தச் செடியிலிருந்து இந்தக் கோடையில் இரண்டு முறை பறித்துப் பருப்போடு கடைந்தோம்.

வலை நல்ல வலை, போட்ட பணத்துக்கு உழைத்திருக்கிறது. ஆயினும் நண்பரின் பாத்தியும் மேற்குச் சுவரை ஒட்டியது என்பதால், வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அந்தப் பணத்துக்குப் பைகளும் மண்ணும் வாங்கிக் கிழக்கே வையுங்கள். மேற்கே கீரைதான் வேண்டும் என்றால், சுவரை ஒட்டிப் பந்தல் போட்டுக் கொடிப்பசலையை ஏற்றிச் சுவரின்மேல் வெயில் விழாமல் மறைத்துவிடுங்கள். நானும் புரட்டாசியில் அதற்குத்தான் குழி எடுக்கப்போகிறேன்.