திறக்காத டொமைனுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

தேவகோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் ஒரு வாட்ஸப் செய்தியை எனக்கு அனுப்பி, "அண்ணே, இதுல பணம் போடலாமா?" என்று கேட்டார். "புதிய டொமைன்கள் வருகின்றன, உங்கள் பெயரை இப்போதே புக் செய்யுங்கள்" என்று தொடங்கியது அது. டொமைன் என்றால் டாட் காம் என்பது போல முடியும் வெப்சைட் முகவரி. படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. 2013 தீபாவளி சமயத்தில் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஒருவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

கல்யாண போட்டோ எடுப்பது எங்கள் தொழில். அவர் எங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர், அதனால் சந்தேகமே வரவில்லை. "டாட் காம்லாம் பழசு சார். டாட் போட்டோகிராஃபின்னே வரப்போகுது. உங்க ஊர்ல வேற யாராவது எடுத்துட்டா அப்புறம் கிடைக்காது" என்றார். முன்பதிவு உறுதிக் கட்டணம் 5,000, மூன்று வருடப் பதிவு 12,000. மொத்தம் 17,000 ரூபாய் கொடுத்தேன். கலரில் அச்சடித்து, முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதை லேமினேட் செய்து வைத்தேன்.

அப்படி ஒரு டொமைன் வந்தது உண்மைதான். டாட்டுக்குப் பின்னால் வரும் புதுச் சொற்களுக்காக 2012-இல் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பிடம் 1,930 விண்ணப்பங்கள் போயின. டாட் போட்டோகிராஃபி 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் புதுச் சொல் ஒன்று திறக்கும்போது முதலில் டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு. டாட் போட்டோகிராஃபியில் அதற்கு அடுத்த ஒரு வாரம் அதிகக் கட்டணம், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். அப்புறம்தான் சாதாரண விலையில், முதலில் வந்தவருக்கு முதலில். இந்த வரிசையில் எனக்கென்று ஒரு இடத்தை எந்த ஏஜென்டாலும் உறுதி செய்திருக்க முடியாது. அந்த 5,000 ரூபாய் எதற்கும் போகவில்லை. எங்கள் பெயருக்கு வேறு யாரும் போட்டியிடக்கூட இல்லை.

சரி, பெயர் கிடைத்தது, சைட்டும் திறந்தது. அந்த மகிழ்ச்சியில் ஆல்பங்களின் கடைசிப் பக்கத்தில் புது முகவரியைத் தங்க எழுத்தில் அச்சடித்தோம். அந்த வருடம் மட்டும் ஏறக்குறைய நாற்பது ஆல்பம்.

2015 பிப்ரவரியில் சைட் நின்றுபோனது. கேட்டால் "சர்வர் மாத்துறோம் சார்" என்றார். மார்ச்சிலும் அதே பதில். பிறகு போனையே எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்த என் மச்சான் பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது உங்க பேர்லயே இல்லை" என்றான். உரிமையாளர் என்ற இடத்தில் ஏஜென்டின் பெயர். மூன்று வருடத்துக்குப் பணம் வாங்கியவர் ஒரு வருடத்துக்கு மட்டுமே பதிவு செய்திருந்தார்.

டொமைன்களைப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனத்துக்கு மெயில் போட்டோம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் எதுவும் செய்ய முடியும் என்று பதில் வந்தது. அவர்கள் விதிப்படி அது சரிதான். காலாவதியான டொமைனுக்குச் சில வாரம் சலுகைக் காலம் உண்டு, அதற்குப் பிறகும் 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம். அந்த நாட்களெல்லாம் என் கண் முன்னாலேயே கழிந்தன. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெயர் வேறு யார் கைக்கோ போய்விட்டது.

ஆவணியில் ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். "தம்பி, ஆல்பத்துல இருக்கிற அட்ரஸைப் போட்டா சூதாட்டம் வருதே, சம்பந்தி வீட்ல பாத்துட்டுக் கேக்குறாங்க." அன்று எனக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு முன்னால் 17,000 ஒன்றுமே இல்லை. வீடு வீடாகப் போய், அந்தத் தங்க எழுத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தோம். மூன்று வீட்டை இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு விஷயம் அப்போதே தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பேன். உங்கள் மெயிலைக் கொடுத்து டொமைன் பதிவு செய்தால், அதை உறுதி செய்யச் சொல்லி 15 நாளுக்குள் பதிவு நிறுவனத்திடமிருந்து மெயில் வர வேண்டும். எனக்கு வரவே இல்லை. இப்போது பொதுத் தேடலில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் அங்கே பார்த்தால் போதாது. பதிவு நிறுவனத்தில் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். "நாங்களே பார்த்துக்கிறோம் சார்" என்று சொன்னால் அங்கே பணம் கொடுக்காதீர்கள். முதல் வருட விலையை மட்டும் சொன்னால், இரண்டாம் வருட விலையையும் எழுதி வாங்குங்கள். 99 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் ஆயிரக்கணக்கில் கேட்பதும் நடக்கிறது.

இப்போது சொல்லப்படும் புது டொமைன்கள் ஐகானின் 2026 விண்ணப்பச் சுற்றைச் சேர்ந்தவை. அதில் ஒரு சொல்லுக்கு விண்ணப்பிக்கவே 2,27,000 டாலர் கட்டணம். விண்ணப்பம் போட்டு, பரிசீலனை முடிந்து, விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். போன சுற்றில் 2012-இல் விண்ணப்பித்தவற்றில் முதல் நான்கு சொற்கள் இணையத்தில் சேர்ந்ததே 2013 அக்டோபரில்தான். இல்லாத ஒன்றில் உங்கள் பெயரை யாரால் புக் செய்ய முடியும்? ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

தேவகோட்டை நண்பரிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன்: எந்தப் பதிவு நிறுவனம், கணக்கு யார் மெயிலில்? கேட்டிருக்கிறார். நான்கு நாளாகிறது, நீல டிக் விழுந்ததோடு சரி.