எந்தக் கதைக்குள் குடியேறலாம்?

வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: கதைக்குள் போய் வாழலாம் என்றால் எந்தக் கதைக்குள் போவீர்கள்? ஒருவர் ஹாரி பாட்டர் படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் என்பார், ஒருவர் பொன்னியின் செல்வனின் சோழ நாடு என்பார், இன்னொருவர் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் ஷயர் என்பார், ஆர்.கே. நாராயண் படைத்த மால்குடிக்கும் ஒரு ஓட்டு விழும். கவனித்தால், எல்லோரும் கதாநாயகனாகத்தான் போகிறார்கள். வந்தியத்தேவனின் குதிரையில் ஏற ஆள் உண்டு, அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட ஆள் கிடையாது. கதாநாயகனுக்கு எந்த உலகமும் வசதிதான், எழுதுகிறவரே அவன் பக்கம் இருக்கிறார். குடியேறுவது வேறு கணக்கு. பேர் தெரியாத ஒருவராகப் போய், வேலை பார்த்து, நோயில் விழுந்து எழுந்து, கிழவராகும்வரை அங்கேயே காலம் தள்ள முடியுமா? அந்த ஒரு அளவுகோலை வைத்து நான்கையும் பார்க்கலாம்.

சோழ நாட்டின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதை ஆடிப்பெருக்கு நாளில், எழுபத்து நான்கு கணவாய்களில் தண்ணீர் குமுறிப் பாயும் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்த முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அந்தக் கரையில் நிற்க ஆசைப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் சேந்தன் அமுதனைப் பாருங்கள். பூப்பறித்து, மாலை தொடுத்து, கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, தாயோடு அமைதியாக இருக்கும் மனிதன். வழிப்போக்கன் ஒருவனுக்குத் தங்க இடம் கொடுத்ததன் பலன், பாதாளச் சிறை. கடைசியில் கதை அவனைப் பூக்காரனாகவே விட்டுவைத்ததா என்றால் அதுவும் இல்லை. அவன் அரச குலத்துப் பிள்ளை என்று தெரிகிறது, மகுடம் சூட்டுகிறார்கள். ஆக, நாம் ஆசைப்பட்டு இடம் கேட்ட அந்தச் சாதாரண வாழ்க்கைகூட அங்கே ஓர் இளவரசனுக்குப் போட்ட மாறுவேடம்தான். சதியும் ஒற்றர்களும் நிறைந்த நாட்டில் மெய்யான பூக்காரன் என்ன ஆவான் என்று கதை சொல்லவே இல்லை.

ஹாக்வார்ட்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பள்ளிக்கூடம். ஏழு வருடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். வைத்தியத்தில் அந்த உலகத்தை யாரும் அடிக்க முடியாது: ஹாரியின் கையில் மாயமான எலும்புகள் ஒரே இரவில் மறுபடி வளர்கின்றன. ஆனால் மந்திரம் உடம்போடு பிறக்க வேண்டும். இல்லாதவர் கதி என்ன என்பதற்குக் கோட்டையிலேயே ஓர் ஆள் இருக்கிறார், காவலாளி ஃபில்ச். இரண்டாம் புத்தகத்தில் அவர் மேசை மேல் ஊதா நிற உறை ஒன்று கிடக்கும். உள்ளே தொடக்க நிலை மந்திரம் கற்றுத் தரும் அஞ்சல் வழிப் பாடம். ஹாரி அதைப் படித்துவிட்டானோ என்று அந்த மனிதர் படும் அவமானத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் பதினோரு வயதுப் பிள்ளைகள் கோலை அசைத்தால் நடப்பது, தலை நரைத்த பிறகும் தனக்கு மட்டும் வராது. சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிச்சாத்தான் வேலையாட்கள். அவர்களில் கூலி கேட்ட ஒரே ஆள் டாபி, வாரத்துக்கு ஒரு காலியன் என்ற தங்கக் காசு, மாதத்தில் ஒருநாள் விடுப்பு. அந்த உலகத்தில் பேர் தெரியாத ஒருவராகப் பிறந்தால் நமக்கு வாய்ப்பது ஃபில்ச்சின் துடைப்பமாகவும் இருக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

ஷயரை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. கிடைத்தால் நாளைக்கு ஆறு வேளைச் சாப்பாடு. 33 வயதில்தான் ஒருவரை வளர்ந்தவராகவே கணக்கில் சேர்ப்பார்கள். பிறந்தநாள் கொண்டாடுகிறவர் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பார். நாடு முழுவதற்கும் உள்ளூர்க் காவலர்கள் பன்னிரண்டே பேர், அவர்களுக்கும் பெரும்பாலும் வழிதவறிய ஆடுமாடுகளைத் தேடுகிற வேலைதான். ஏழு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் மேயருக்கு விருந்துகளுக்குத் தலைமை தாங்குவது முக்கியப் பணி. இதையெல்லாம்விட என்னை இழுப்பது சாம் என்கிற தோட்டக்காரன். தோட்டத்தின் சொந்தக்காரரான பில்போ அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவனுடைய கிழட்டு அப்பா மதுக்கடையில் அதைச் சொல்லும்போது, இதனால் கெடுதல் ஒன்றும் வராமல் இருக்கணும் என்று கவலைப்படுகிறார். தோட்டக்காரன் மகன் படிப்பது அந்த ஊருக்கே புதுசு. அதே சாம் பிற்காலத்தில் ஏழுமுறை மேயராகிறான், எந்த அரச ரத்தமும் இல்லாமல், தோட்டக்காரன் மகனாகவே. சேந்தன் அமுதனுக்குக் கிடைக்காதது இது.

குறைகளும் உண்டு. ஊர்வம்பு பயங்கரம்: கதாநாயகன் ஃப்ரோடோவின் பெற்றோர் படகில் போய் மூழ்கி இறந்ததற்கு, மனைவி கணவனைத் தண்ணீரில் தள்ளினாள், அவன் அவளையும் இழுத்துக்கொண்டான் என்று கதை கட்டிய ஊர் அது. அந்த நிம்மதியும் எல்லையில் ஊர் பேர் தெரியாமல் காவல் நிற்கும் ரேஞ்சர்கள் தயவில் வந்தது. அவர்கள் விலகிப்போனதும் மரங்கள் வெட்டப்பட்டு, மதுக்கடைகள் மூடப்பட்டு, விளைந்ததை வெளியிலிருந்து வந்த முரடர்கள் 'பங்கிடுகிறோம்' என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஊரை மீட்கும் பைவாட்டர் சண்டையில் 19 ஹாபிட்டுகள் சாகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு சாம் மண்ணைத் தூவி நாட்டை மறுபடி பசுமையாக்கும் அந்த அத்தியாயத்துக்காகவே நான் ஷயரை முதலிடத்தில் வைப்பேன். வைத்து என்ன பயன்? ஷயர் கணக்கில் 1427ஆம் ஆண்டு மனிதர்களின் அரசர் எலஸ்ஸார் ஒரு சட்டம் போடுகிறார்: மனிதர்கள் யாரும் ஷயருக்குள் நுழையக் கூடாது. பின்னாளில் வடக்கே வந்தபோது அந்த அரசரே எல்லைப் பாலத்தோடு நின்றுகொள்கிறார். அந்த ஊரின் நன்மைக்கு அது சரியான சட்டம்தான். ஆனால் நமக்கு அங்கே வீடு கிடையாது.

அப்போது மிஞ்சுவது மால்குடி. மந்திரமும் இல்லை, மகுடமும் இல்லை. ரயில் நிலையம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். மார்க்கெட் தெருவில் அச்சகம் நடத்தும் நடராஜ் முன்னறையில் நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறார். வேலை இருப்பவரும் இல்லாதவரும் வந்து உட்காரலாம், நீலத் திரைக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரம். அங்கே ஒரு கவிஞர் வருடக்கணக்கில் கிருஷ்ணன் கதையை ஓரசைச் சொற்களிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார், யாரும் அவரைத் துரத்துவதில்லை. இப்படித் திறந்து வைத்தால் வாசு மாதிரி முரடனும் வந்து மாடியைப் பிடித்துக்கொள்வான், அதுவும் நடக்கிறது. மார்கய்யா கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து விவசாயிகளுக்குக் கடன் விவகாரம் பார்க்கிறவர். பணத்தில் உச்சிக்குப் போய், எல்லாம் தொலைத்து, கடைசியில் அதே பெட்டி, அதே மரத்தடி என்று தயாராகிறார். விழுந்தவருக்குப் பழைய இடம் காலியாக இருக்கிறது. மற்ற மூன்று உலகங்களிலும் தோற்றவனுக்கு இவ்வளவு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்த மால்குடி என்று கேட்டாக வேண்டும். அந்த ஊர் 1935இல் தொடங்கி 1990வரை நாவல்களில் வளர்ந்துகொண்டே இருந்தது. 1945இல் வந்த நாவலில் ஆங்கில ஆசிரியர் கிருஷ்ணனின் மனைவி சுசீலா டைஃபாய்டில் இறந்துபோகிறாள். டைஃபாய்டுக்குக் குளோரம்ஃபெனிகால் மருந்தாக வந்தது 1948வாக்கில். 1938 நாவலில் கணவனை விட்டு வெளியேறும் சாவித்திரி சரயு நதியில் உயிரை விடப் போகிறாள். காப்பாற்றப்பட்டும் சொந்தக் காலில் நிற்க வழியில்லாமல் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். பெண்ணாகப் போகிறவர் அந்த வருடத்து ரயிலில் ஏறக் கூடாது. 1976இல் வரும் டெய்ஸி குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறாள், தன் சம்பளம், தன் அறை, கல்யாணம் வேண்டாம் என்ற முடிவும் தன்னுடையது. ஊர் முணுமுணுக்கிறது, ஆனால் அவள் வேலையைத் தடுக்கவில்லை. என் பயணச்சீட்டு அந்த வருடத்து மால்குடிக்குத்தான்.