கோலியா, கோலோவெசியா?

பின்லாந்தின் கிழக்கில் ஏரியும் ஊசியிலைக் காடும் சேர்ந்த ஒரு தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்றால், எல்லாரும் முதலில் சொல்வது கோலியைத்தான். அதற்குத் தெற்கே, சைமா ஏரித் தொகுதிக்குள் கோலோவெசி இருக்கிறது. பெயர்தான் ஒன்றுபோல, அனுபவம் முற்றிலும் வேறு.

கோலி, 1991-இல் பூங்காவானது. அதன் உச்சியான உக்கோ-கோலி 347 மீட்டர். நம் மலைகளோடு பார்த்தால் சிறு குன்றுதான். ஆனால் கீழே இருக்கும் பீலினென் ஏரியிலிருந்து 250 மீட்டருக்கு மேல் நேராக எழுவதால், அந்த வெளிறிய குவார்ட்சைட் பாறையில் நின்று பார்க்கும்போது தீவுகளும் நீரும் அடிவானம் வரை விரிகின்றன. ஓவியர் ஏரோ யார்னெஃபெல்ட் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். உச்சிக்கு அருகிலேயே ஹோட்டல், அங்கு வரை சாலை. வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கோலோவெசி அப்படியில்லை. 1990-இல் அமைந்த இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 23 சதுர கிலோமீட்டர்தான். மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். எனக்கு இந்தத் தடைதான் பூங்காவின் உயிர். என்ஜின் இரைச்சல் இல்லாததால், துடுப்பிலிருந்து சொட்டும் நீர்கூடக் காதில் விழும். இருபுறமும் செங்குத்துப் பாறைகள் நேராக நீரில் இறங்குகின்றன. அவற்றில் சில இடங்களில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் செங்காவியால் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. படகிலிருந்தபடியே நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், சைமா வளையச் சீல் (seal) என்ற நீர்வாழ் பாலூட்டி. பனியுகத்துக்குப் பின் நிலம் மெல்ல உயர்ந்து ஏரி கடலிலிருந்து துண்டிக்கப்பட்டபோது, உள்ளேயே தங்கிவிட்ட உயிர். உலகில் வேறெங்கும் கிடையாது. 1980-களில் 200-க்கும் குறைவாக இருந்தவை இப்போது 400-ஐத் தாண்டிவிட்டன. பனி குறைந்த குளிர்காலங்களில், அவை குட்டி போடுவதற்காகத் தன்னார்வலர்கள் கரையோரம் பனியைக் குவித்துக் கொடுக்கிறார்கள். படிக்கும்போதே நெஞ்சு நிறைகிறது.

இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகஸ்டில் காட்டில் பழுத்துக் கிடக்கும் புளூபெர்ரியை யாரும் பறித்துத் தின்னலாம். ஜூன், ஜூலையில் கொசுத் தொல்லையும் இரண்டிலும் உண்டு.

கையில் ஒரே நாள் என்றால் கோலிதான் சரி. செப்டம்பர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது போங்கள். இரண்டு இரவு கூடாரத்தில் தங்க முடியும், துடுப்புப் போடவும் தெரியும் என்றால் யோசிக்காமல் கோலோவெசி. அதற்கு மே மாதம் நல்லது. பாறைமேல் சீல் படுத்திருந்தால் துடுப்பை நிறுத்திவிட்டுத் தள்ளியே இருங்கள். அது ரோமம் உதிர்க்கும் காலம். வெயிலில் காய வேண்டும். கிட்டப் போனால் பயந்து நீருக்குள் போய்விடும்.