ஊட்டியில் வேக்குவம் கேஜ் வாங்குவோர் கவனத்துக்கு

கார்புரேட்டர் போட்ட பழைய மாருதி 800, ஆம்னி, ஜிப்சியில் ஸ்லோ (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்கவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். ஏர் பிடிக்கிறதா (எங்காவது காற்று கசிந்து உள்ளே போகிறதா), டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) தவறா, வால்வு தேய்ந்ததா என்று அதைக் கழற்றும் முன்பே சொல்லிவிடும் கருவி, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் வேக்குவம் கேஜ். டயல், ரப்பர் குழாய், சில டி ஜாயின்ட் என்று பெட்டியில் வரும் சாதாரண கேஜே போதும். தாராளமாக வாங்கலாம். ஆனால் டயலில் ‘நார்மல்’ என்று குறித்திருக்கும் பச்சைப் பகுதியை மலையில் நம்பக் கூடாது.

அந்தப் பச்சைப் பகுதியின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 16 முதல் 20 காட்டும் நல்ல இன்ஜின், குன்னூரில் 11 முதல் 15, ஊட்டியில் 10 முதல் 14 காட்டும். சுற்றியுள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் கேஜ் அளக்கிறது. அதனால் குழாய் மாட்டாதபோது ஊட்டியிலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். கேஜ் சரியாக இருக்கிறது, இன்ஜின்தான் கெட்டது என்று பலர் தவறாக முடிவெடுப்பது இதனால்தான். 12 காட்டுவதைப் பார்த்து, பச்சைக்கு வரும்வரை பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை அட்வான்ஸ் செய்கிறார்கள், அதாவது பொறியை முந்த வைக்கிறார்கள். முள் ஏறும், ஸ்லோவும் கூடும். அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கி, பர்லியாறு வழியாக லோடோடு ஏறும்போது நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) அடிக்கும். பிஸ்டனுக்கே ஆபத்து.

இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தட்டு) முழுதும் திறந்த பிறகுதான் அளக்க வேண்டும். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பார்க்கும் அளவுக்கு மதிப்பில்லை. குழாயை இன்டேக் மானிஃபோல்டிலிருந்து (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி) வரும் லைனில் டி வைத்து இணையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், திராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலேட்டர் மிதித்தால் திறக்கும் தட்டு) மேலிருந்து வருவதானால் ஸ்லோவில் ஏறக்குறைய பூஜ்யமே காட்டும். அது கோளாறு அல்ல.

முள் ஆடாமல், உங்கள் ஊர் அளவுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். அதைவிட மிகக் கீழே நின்றால் ஏர் லீக்: கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மானிஃபோல்ட் கேஸ்கெட், வெடித்த குழாய். சந்தேகப்படும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஸ்லோ மாறினால் லீக் அங்கேதான். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது தீயோடு விளையாடுவது, வேண்டவே வேண்டாம். பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையை வேக்குவத்தால் கூட்டும் கருவி) உள்ள வண்டி பிரேக் மிதித்தால் ஆஃப் ஆகிறதா? பூஸ்டர் குழாயை இறுக்கிப் பிடியுங்கள். ஸ்லோ சீரானால் பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது உடனே பார்க்க வேண்டிய வேலை.

முள் ஒரே தாளத்தில் சட்டென விழுந்து எழுந்தால் பிளக் அல்லது எரிந்த வால்வு. ஸ்லோவில் வேகமாக நடுங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அடங்கினால் வால்வு கைடு தேய்மானம். மெதுவாக மேலும் கீழும் ஊசலாடினால் மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை). கீழே டியூன் செய்த வண்டி ஊட்டியில் காற்று மெலிந்து ரிச்சாக (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி) ஓடுவது இயல்பு, பிளக் கறுத்திருக்கும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, முள் அதிகபட்சம் ஏறும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஸ்லோவைச் சரிசெய்யுங்கள். மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர் என்பதால் லேசான நடுக்கம் எப்போதும் இருக்கும்.

குறைகளும் உண்டு. மலிவான கேஜில் முள் அளவுக்கு மீறித் துடிக்கும். குழாயை லேசாக நெரித்துப் படித்தால் அடங்கும். டயலில் அங்குலத்தோடு சென்டிமீட்டர் அளவும் இருக்கும். 30 சென்டிமீட்டரும் 12 அங்குலமும் ஏறக்குறைய ஒன்றுதான், குழம்ப வேண்டாம். பெரும்பாலான டீசல் ஜீப்களில் திராட்டில் தட்டு இல்லை, அங்கே இது உதவாது.

வாங்கும்போது கடையிலேயே குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். முள் ஏறிய இடத்தில் நிற்க வேண்டும், விட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வேறு பெட்டியைக் கேளுங்கள்.